கடைசி ஆளுக்குப் பின்னால்

காலை ஐந்து நாற்பதுக்கு, கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், ஒன்பது சைக்கிள்களின் முன்சக்கரங்களுக்கு அடியில் ஒன்பது எலுமிச்சம்பழங்களை வைத்துக்கொண்டே போன மங்கையர்க்கரசி, கடைசியாக நின்ற தன் புருஷன் சிவசைலத்தின் சக்கரத்துக்கு அடியில் வைத்த பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு சாக்கடைப் பக்கம் போனதைப் பார்த்தாள். இந்தச் சைக்கிள்களின் டயர் ஒரு விரல் தடிமன்தான், அதில் எந்தப் பழம் ஒழுங்காக நசுங்கும், சென்னையிலிருந்து வந்த இந்த ஒரு வாரத்தில் பாதிப் பழம் உருண்டுதான் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

அது கடைசி நாள். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் பார்க்கும் ஒரு வார்டுக்கு நன்கொடை திரட்டுவதற்காக அந்த ஒன்பது பேரும் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதே வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் ஓராண்டுக்கு மேல் படுத்திருந்து போன சித்திரையில் கண்ணை மூடிய நறுமுகை, சிவசைலத்துக்கும் மங்கையர்க்கரசிக்கும் ஒரே மகள். அதனால் அவர்கள் இருவரையும் யாரும் எதுவும் கேட்காமல் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள், அவரை மிதிக்கவும் அவளைத் துணைக்கு வேன் ஓட்டவும்.

மகள் போன மறுநாளிலிருந்து சிவசைலம் உட்காருவதில்லை. சோற்றை நின்றுகொண்டு தின்றார், மின்வாரிய அலுவலகத்தில் நின்றுகொண்டு கோப்பு பார்த்தார், துக்கம் கேட்க வந்தவர்களை வாசலில் நின்றபடியே அனுப்பிவைத்தார், சைக்கிள் இருக்கையைத் தவிர வேறு எதன்மேலும் அவர் உட்கார்ந்து மங்கையர்க்கரசி பார்க்கவில்லை. விடிந்தால் சைக்கிள், வேலை விட்டால் சைக்கிள். ரேஷன் அட்டையில் மூன்று பேர் இருப்பதைத் திருத்த வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளுக்குப் போக மனமில்லை, அவருக்கு நேரமில்லை. ஒரு நாள் அவள் சைக்கிள் சங்கிலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "இந்த ஒரு பயணம் போயிட்டு வந்துருதேன், அரசி. ரோடு முடியுற எடத்துல இறங்கிருவேன். பெறகு நீயே இதைத் தூக்கிப் பரண்ல போட்டுரு" என்றார். ரோடு முடிகிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த இடத்தில் அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வேன் ஓட்ட ஒத்துக்கொண்டாள். மற்றபடி தண்ணீர்க் கேனும் வாழைப்பழத் தாரும் கடலை மிட்டாயும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் மாற்று டியூபும் தூக்கிக்கொண்டு தேசம் சுற்றுவதற்கு அவளுக்கு ஆசை ஒன்றும் இருந்ததில்லை.

வேனுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன, இரண்டும் அவள் போட்டவை. வேன் கடைசி ஆளைத் தாண்டிப் போகாது; கடைசி ஆள் திரும்பிப் பார்க்க மாட்டான். சிவசைலம்தான் எப்போதும் கடைசி. இரண்டாம் நாள் திண்டிவனம் தாண்டி, வேன் வருகிறதா என்று அவர் கழுத்தைத் திருப்பிய ஒரு நொடியில் சைக்கிள் நடுரோட்டுக்குச் சாய்ந்து, கரும்பு லாரி ஒன்று அவருடைய முழங்கைத் தோலை உரசிக்கொண்டு போனது. அன்று மாலை அவள் எல்லோருடைய முன்னாலும் சொன்னாள்: "பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் பாக்க வேண்டாம். பின்னாடி நான் இருக்கேன்." குழுவின் தலைவன் பெலிக்ஸுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் எல்லோரையும் கைதட்ட வைத்தான். திருச்சி வருவதற்குள் அது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

கோவில்பட்டியைத் தாண்டி ஒரு மணி நேரம் போல ஆனபோது, வெள்ளரிக்குளம் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில், நாற்கரச் சாலையின் ஓரத்தில், முப்பிடாதியின் டீக்கடைக்கும் கோயில்பிச்சையின் பஞ்சர் கடைக்கும் நேர் எதிரே, கன்னியாகுமரி நூற்றுப் பதினெட்டு என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில், சிவசைலத்தின் சைக்கிள் முன்னே போவதை விட்டுவிட்டது. சக்கரம் சுற்றியது, கால் சுற்றியது, சங்கிலியின் சத்தம் கேட்டது, முதுகுச் சட்டை காற்றில் உப்பிப் படபடத்தது. கல் மட்டும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. மங்கையர்க்கரசி பிரேக் போட்டாள். பஞ்சராக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு ஹாரன் அடித்தாள். பிறகு இறங்கி நடந்தாள்.

கோயில்பிச்சை அதற்குள் கையில் ஸ்பானருடன் வந்து நின்றிருந்தார். "உங்க ஆளாம்மா?"

"ஆமா."

"செயின் கழண்டுட்டோன்னு பாத்தேன். கழரலை. ஆளு நல்லாத்தான் மிதிக்காரு. போகத்தான் மாட்டேங்காரு."

அவள் பக்கத்தில் போனாள். போகப் போகக் காற்று முகத்தில் அடித்தது. ஓடுகிற பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் அடிக்கிற காற்று. கருவேல மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

"ஏங்க."

"ம்."

"நிக்கீங்களா?"

"எதுக்கு நிக்கணும்? நல்லா ஓடுது. எதிர்க்காத்துகூட இல்ல. கயத்தாறு வந்துட்டு பாரு, காத்தாடி எல்லாம் வரிசையாச் சுத்துது."

வெள்ளரிக்குளம் விலக்கிலிருந்து காற்றாலை எதுவும் தெரியாது. தெரிவது அறுத்த சோளத்தட்டையும் கரிசல் வெடிப்பும் தூரத்தில் ஒரு செல்போன் கோபுரமும்தான். அவள் பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். அவன் மற்ற ஏழு பேருடன் கயத்தாறில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "சாரா? சார் இன்னும் வரல அக்கா. ஆனா இப்பத்தான் சாரோட பெல்லுச் சத்தம் எங்களைத் தாண்டிப் போன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்" என்றான்.

கோயில்பிச்சை, இதென்ன பெரிய விஷயம் என்று, இருக்கைக்குப் பின்னால் இரண்டு கையையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தார். அடுத்த நிமிஷம் தரையில் கிடந்தார். ஓடும் பேருந்திலிருந்து குதித்தவனைப் போல இரண்டு முழங்காலும் உரசி ரத்தம் கசிந்திருந்தது, ஆனால் விழுந்து கிடந்தது அவர் நின்ற அதே இடத்தில். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஓடுற வண்டியிலதான்ம்மா கை வச்சிருக்கேன்" என்றார், ஒரு மாதிரி மரியாதையோடு.

செய்தி ஊருக்குள் போய்ச் சேர நேரமாகவில்லை. வெள்ளரிக்குளத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பார்த்துவிட்டு உடனே போகாமல் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மாசி மாதத்தில் சோளம் அறுத்து முடித்த ஊருக்கு வேலை குறைவு, விலக்கில் ஏதாவது நடந்தால் வந்து பார்ப்பது வழக்கம், போன மாதம் கோழி லாரி கவிழ்ந்தபோதும் இப்படித்தான் வந்தார்கள். ஊராட்சித் தலைவி வந்தார், தலைவியின் புருஷனும் வந்தார், அந்த ஊரில் தலைவி கையெழுத்துப் போடுவதும் புருஷன் பேசுவதும் ஏற்பாடு. நம்முடைய எல்லைக்குள் நடப்பதால் இதற்கு நாம்தான் பொறுப்பு என்றும், நாற்கரச் சாலை நமக்குச் சொந்தமில்லாததால் இதற்கு நாம் பொறுப்பில்லை என்றும், இரண்டையும் ஒரே மூச்சில் புருஷன் சொன்னார்.

நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர், சாலையோரம் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஆரம்பித்து, நிறுத்தவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னதும், வேகம் பார்க்கும் கருவியை எடுத்துச் சிவசைலத்தின் மேல் பிடித்தார். கருவி இருபத்திநாலு காட்டியது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தார். இருபத்திநாலுதான். "நின்ன வண்டின்னா இழுத்துப் போடலாம்மா" என்று மங்கையர்க்கரசியிடம் வருத்தமாகச் சொன்னார். "இருபத்திநாலுல ஓடுற வண்டியை நான் எப்படி இழுக்க?" பிறகு வண்டியிலிருந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை எடுத்துவந்து சிவசைலத்தைச் சுற்றி நட்டுவிட்டு, முப்பிடாதியிடம் ஒரு டீ சொன்னார்.

மங்கையர்க்கரசி ஒரு கூம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள், அவர் டீக் கிளாஸோடு வந்து அதை மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். கூம்பு வைத்துவிட்டால் அது ஒரு இடமாகிவிடுகிறது.

"காலையில பழம் வச்சீங்களா மதினி?" என்று கேட்டாள் முப்பிடாதி. டீக்கடைக்காரி, நாற்பது வயது, பார்த்த பத்தாவது நிமிஷத்தில் யாரையும் உறவாக்கிக்கொள்கிறவள். பழம் உருண்ட கதையை மங்கையர்க்கரசி சொன்னாள். கூட்டத்துக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முப்பிடாதி கடையிலிருந்து நல்ல பழமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ஒரு குச்சியால் மெதுவாக முன்சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். பழம் துப்பாக்கியிலிருந்து கிளம்பியதுபோல் பறந்து தலைவியின் புருஷனுடைய நெஞ்சில் பட்டது. அவர் பேச்சை நிறுத்தியது அன்று அந்த ஒரு தடவைதான். அதோடு காரணம் தேடுவதை ஊர் விட்டுவிட்டது.

காரணத்தை விட்டபிறகு ஊர் வேலையில் இறங்கியது. இவருக்குத் தாகம் எடுக்குமே என்றார் ஒருவர். மங்கையர்க்கரசி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். நின்ற இடத்தில் நின்று நீட்டியதால், வேகமாகப் போகிற ஆளின் கையில் பட்டதுபோல் பாட்டில் பிடுங்கி எறியப்பட்டது. கூடவே ஓடிக்கொண்டு கொடுக்க வேண்டும், ஆனால் எங்கே ஓடுவது? ஓடினால் அவரைத் தாண்டி அவள் போய்விடுவாள். அப்போது முப்பிடாதி, ஆட்டுக்குக் கருவேலங்காய் பறிக்கும் துரட்டிக்கோலை எடுத்துவந்து அதன் கொக்கியில் இரண்டு வாழைப்பழத்தை மாட்டி, முன்னாலிருந்து, மரத்துக் கிளை தாழ்ந்து வருவதுபோல் மெல்ல இறக்கினாள். சிவசைலம் ஒரு கையால் பறித்துக்கொண்டார். "நல்லாப் பழுத்திருக்கு அரசி" என்றார். கூட்டம் விசிலடித்தது. அடுத்த அரை மணியில் பனங்கற்கண்டு போட்ட தண்ணீரும், உப்புப் போட்ட மோரும், எங்கிருந்தோ ஒரு பொட்டலம் சேவும் கோலில் தொங்கி இறங்கின. யார் யார் எந்நேரம் கோல் பிடிப்பது என்று பேச்சு வந்து, தலைவியின் புருஷன் தனக்கு முதல் முறை வேண்டும் என்று சண்டை பிடித்தார்.

ஏழு நாள் வேனில் அவள் ஒற்றையாகச் செய்த வேலையை ஒரு ஊர் ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு மங்கையர்க்கரசி கையைக் கட்டியபடி நின்றாள்.

பெலிக்ஸ் கூப்பிட்டான். கங்கைகொண்டான் தாண்டிவிட்டார்கள், தண்ணீர் தீர்ந்துவிட்டது, வெயில் ஏறுகிறது, ஒருத்தனுக்குத் தலைசுற்றல். "சார் ஏறிட்டாரா அக்கா? வேன் எப்ப வரும்?" எட்டுப் பேருடைய தண்ணீரும் அவள் வேனில் இருந்தது, வேன் கடைசி ஆளைத் தாண்டாது. "வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் நகராமல் நின்றாள். முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு போனைப் பிடுங்கி, "தம்பி, எந்த இடத்துல நிக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு, திருநெல்வேலிக்குப் பால் கொண்டுபோகும் குட்டியானை வண்டியை மறித்து, வேனிலிருந்து நாலு கேனையும் தன் கடையிலிருந்து ஒரு பானை மோரையும் ஏற்றி அனுப்பினாள். "ஆச்சு" என்றாள். அதுவும் ஆச்சு.

அதற்குள் விலக்கில் வேறொரு வழக்கம் முளைத்திருந்தது. சிவசைலம் பார்த்துக்கொண்டு போவதெல்லாம் நிஜமாகவே முன்னால் இருப்பது என்று தெரிந்ததும், ஆட்கள் வந்து அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். லாரி டிரைவர் ஒருவர் இறங்கிவந்து, "அண்ணாச்சி, நெல்லை பைபாஸ்ல செக்கிங் நிக்கா?" என்றார். "நிக்காங்க. ரெண்டு பேரு, புளிய மரத்தடியில" என்றார் சிவசைலம். டிரைவர் கும்பிட்டுவிட்டு ஊருக்குள்ளாக வண்டியைத் திருப்பினார். தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று ஒரு வாழைக்காரர் கேட்டார். முட்டளவு என்று பதில் வந்தது. முப்பிடாதி கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டே, யாரும் பார்க்காத மாதிரி வந்தாள்.

"அய்யா, வள்ளியூர் வரும்போது ரோட்டுக்கு இடது பக்கம் பச்சைத் தண்ணி டேங்கு வச்ச வீடு ஒண்ணு. எம் மக அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. நாங்க பேசிக்கிடுதது இல்ல. சும்மா எப்படி இருக்கான்னு..."

"இப்பத்தானே நெல்லை வாரேன். வரும்போது பாத்துச் சொல்லுதேன்" என்றார் சிவசைலம்.

எல்லோரும் அவரிடம் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் அவர் பதில் சொன்னார். மங்கையர்க்கரசிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"இறங்குங்களேன்."

"ரோடு முடியட்டும்னு சொல்லியிருக்கேன்ல?"

"நீங்க போகல. காலையிலேருந்து இங்கயே நிக்கீங்க. இது வெள்ளரிக்குளம். பக்கத்துல டீக்கடை இருக்கு, ஊரே இருக்கு."

அவர் சிரித்தார். நறுமுகை போனபிறகு அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெயிலு உனக்கு. வேன்ல தண்ணி இருக்குல்ல, குடி."

"நம்பலைன்னா திரும்பிப் பாருங்க. ஒரே ஒரு தடவை. பின்னாடி பாருங்க."

"நீதானே சட்டம் போட்ட?" என்றார் அவர், கழுத்தை ஒரு நூல்கூடத் திருப்பாமல். "பின்னாடி நீ இருக்க. பெறகு நான் என்னத்துக்குப் பாக்கணும்?"

அவள் கல்லின் மேல் உட்கார்ந்து அவருடைய கால்கள் சுற்றுவதையே பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே காலையில் அவள் தடவிவிட்ட வலிநிவாரணித் தைலம் வியர்வையில் மினுங்கியது. ரோடு முடிகிற இடம் வந்தால் அவர் இறங்குவார். அங்கே அவர் போய்ச் சேரும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். பின்னால் நின்றால் அவளை அவர் பார்க்க மாட்டார், முன்னால் நின்றால் பார்ப்பார். இவ்வளவுதான். இதை யோசித்துக் கண்டுபிடிக்க அவளுக்குப் பாதிக் காலை ஆகியிருந்தது.

"நீ போ மதினி" என்றாள் முப்பிடாதி. "இவரை நாங்க பாத்துக்கிடுதோம். எங்க போயிரப் போறாரு?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக வேன் கடைசி ஆளைத் தாண்டிப் போனது. தாண்டும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் வேனின் மேல் படவில்லை, அதன் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடியில் அவர் சின்னதானார், கூம்புகள் சின்னதாயின, துரட்டிக்கோல் ஒரு குச்சியானது. கயத்தாறில் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றின. நெல்லை பைபாஸில் புளிய மரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஆற்றில் முட்டளவு தண்ணீர் போனது. அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை, அவரை மட்டும் அந்த ரோட்டில் எங்கும் காணவில்லை. நாங்குநேரி தாண்டி ஓரிடத்தில், இடது ஜன்னலுக்கு வெளியே, ஒரு சைக்கிள் மணி கிணுகிணுத்துப் பின்தங்கியது. வள்ளியூரில் பச்சைத் தண்ணீர் டேங்க் வைத்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு சிவப்புச் சேலை காய்ந்தது.

கன்னியாகுமரியில் கடலுக்கு முன்னால் ரோடு முடிந்து கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடத்தில், சங்கு மாலை விற்பவர்களுக்கும் கறுப்புக் கண்ணாடி விற்பவர்களுக்கும் நடுவே, குழுவின் எட்டுப் பேரும் மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெலிக்ஸ் ஒரு ரோஜா மாலை வாங்கிவைத்திருந்தான். நடந்ததை அவள் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஒரு வாரம் ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் மிதித்தவர்களிடம் நம்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சைக்கிள்களைச் சாத்திவிட்டு ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள்.

போன் வந்தது. காவல்கிணறுப் பக்கம் எதிர்க்காற்று, மெதுவாகத்தான் வருகிறார் என்றாள் முப்பிடாதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "வள்ளியூர்ல பாத்தாராம் மதினி. செவப்புச் சேலை காயுதாம். அப்ப நல்லாத்தான் இருக்கா, இல்ல?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கா. நானும் பாத்தேன்."

கடைக்குள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "போனை அவருகிட்ட கோல்ல கட்டி இறக்குதேன், நீங்களே பேசுங்க" என்றாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மங்கையர்க்கரசி நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். ஒரு கார் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. சினிமாப் படப்பிடிப்பு என்று நினைத்து இரண்டு குடும்பங்கள் போனை உயர்த்திப் படம் பிடித்தன. எட்டுப் பேரும் காலி ரோட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். போனில் காற்றின் இரைச்சலும், அதற்குள் அவர் குரலும்.

"கடல் தெரியுது. எல்லாரும் நிக்காங்க. பெலிக்ஸ் மாலை வச்சிருக்கான். அரசி நடுரோட்டுல நிக்கா, கையை விரிச்சுக்கிட்டு. அங்க என்னத்துக்கு நிக்கா?"

"இறங்குங்க!" என்று கத்தினாள் அவள். "ரோடு முடிஞ்சிட்டு! இறங்குங்க!"

"இறங்கச் சொல்லுதா அய்யா" என்று முப்பிடாதியின் குரலும், அவளுக்குப் பின்னால் ஒரு ஊரின் குரலும் கேட்டன. "வந்துட்டீக. இறங்குங்க."

"எங்க முடிஞ்சிருக்கு?" என்றார் சிவசைலம். ஏமாற்றுகிற குரல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்ட குரல். "நேராப் போகுதே. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ரோடு. கல்லெல்லாம் நட்டிருக்கு."

மணிச்சத்தம் போனிலும் கேட்டது, காதிலும் கேட்டது. காற்று அவளுடைய வலது கைக்குக் கீழே புகுந்து முந்தானையைத் தூக்கியது, அதில் காலையில் தடவிய தைலத்தின் வாசம் இருந்தது. அவள் கைகளைச் சேர்த்துக் கட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"அரசியைத் தாண்டிட்டேன்" என்றது போன். "பரவால்ல. பின்னாடி வந்துருவா."

பெலிக்ஸ் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வேனின் கண்ணாடியில் மாட்டினான்.

பொழுது அடையும் நேரத்துக்கு அவள் வெள்ளரிக்குளம் விலக்குக்குத் திரும்பிவந்தாள். அதற்குள் கூம்புகளைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், வெயிலுக்கு. கோயில்பிச்சை முழங்காலில் துணி சுற்றியபடி கோலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலைவியின் புருஷன் ஒரு குழல்விளக்குக்கு ஏற்பாடு செய்து, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வேனைக் கண்டதும் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அவள் வண்டியைச் சிவசைலத்துக்குப் பின்னால், வழக்கமான இடைவெளியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மினுக்கும் விளக்கைப் போட்டாள்.

"பின்னாடி வந்துட்டியா?" என்றார் அவர், திரும்பாமல்.

"வந்துட்டேன்."

"என்ன லேட்டு?"

"டீசல் போட்டேன்."

"சரி. தூங்காம வா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியல. பேர்ப்பலகை ஒண்ணும் காணோம். ஆனா ரோடு நல்லா இருக்கு அரசி."

முப்பிடாதி ஒரு டீயைக் கொண்டுவந்து வேனின் ஜன்னலில் வைத்தாள். காசு கேட்கவில்லை. மறுநாள் நாளிதழில், கோவில்பட்டிப் பருத்தி வரத்துச் செய்திக்குக் கீழே, அறப்பணிப் பயணம் நிறைவு, எட்டுப் பேர் கன்னியாகுமரி சேர்ந்தனர் என்று நான்கு வரி வந்திருந்தது.

2024 ஜூன் 12ஆம் தேதி, மங்கையர்க்கரசியின் குடும்ப அட்டை தாம்பரத்திலிருந்து வெள்ளரிக்குளத்துக்கு மாற்றப்பட்டது. உறுப்பினர்கள் இருவர்.